தலை இறங்கவில்லை

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். எனக்கொரு நஷ்டமும் இல்லை. நான் சாவித்திரி, பதினோரு வருஷமாகப் பிரசவம் பார்க்கிற நர்ஸ். பேய், பிசாசு என்று யாராவது வாயைத் திறந்தால் "போய் வேலையப் பாருங்க" என்று விரட்டிவிடுகிற ஆள். அப்படிப்பட்ட எனக்குத்தான் இது நடந்தது. அதுவும் பட்டப்பகலில்.

முத்துப்பேட்டைப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். ஐப்பசி அடைமழை, நட்ட வயலெல்லாம் தண்ணீரில் கிடந்தது. எழில்மொழி என்ற பெண் காலையிலேயே வலியோடு வந்துவிட்டாள். முதல் பிரசவம். ஆள் குள்ளம், குழந்தை பெரிசு. கூட வந்தது கணவன் வளவனும் மாமியார் காளியம்மாளும்.

பன்னிரண்டு மணிக்குக் கர்ப்பப்பை வாய் ஏழு சென்டிமீட்டர் திறந்திருந்தது. மூன்று மணிக்கும் அதே ஏழு. வலி விடாமல் வருகிறது, தலை மட்டும் கொஞ்சம்கூட இறங்கவில்லை. இப்படி நின்றுபோனால் கத்திதான் வழி என்று எனக்குத் தெரியும்.

"இது ஆபரேஷன்தான். மன்னார்குடிக்கு அனுப்புறேன், கிளம்புங்க."

காளியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். "செவ்வாக்கிழமைங்க. நாலரை வரைக்கும் ராகு காலம். அது மட்டும் தாண்டட்டும் சிஸ்டர்."

"உள்ள இருக்கிற புள்ளைக்கு ராகு காலம் தெரியுமா?" என்று எரிந்து விழுந்தேன். வளவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

உள்ளே போனேன். கரண்ட் இல்லை, இன்வெர்ட்டர் விளக்கு மட்டும். கட்டில் ஓரமாகப் பச்சைப் புடவையில் ஒருத்தி நின்றிருந்தாள். நாத்தனாராக இருக்கும் என்று நினைத்தேன். புடவை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. தரை காய்ந்து கிடந்தது. அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

"வர மாட்டேங்குது" என்றாள். குரல் கம்மியிருந்தது.

"வரும். நீங்க வெளிய இருங்க."

அவள் நகரவில்லை. எழில்மொழியின் மேல்வயிற்றில், போர்வைக்குள் ஒரு கையை வைத்திருந்தாள்.

டாப்ளரை வைத்துக் குழந்தையின் துடிப்பைக் கேட்டேன். டுக்... டுக்... டுக்... நூற்று நாற்பது. நல்ல துடிப்பு.

அவள் லேசாகக் குனிந்தாள். நூற்றுப் பத்து.

இன்னும் குனிந்தாள். தொண்ணூறு...

எழில்மொழி கண்ணைத் திறந்தாள். "சிஸ்டர்... உள்ள யாரோ புடிச்சு இழுக்கிறாங்க."

வாசல் பக்கம் திரும்பிக் கத்தினேன். "அம்மா, உங்க பொண்ணை வெளிய கூப்பிடுங்க."

காளியம்மாள் எட்டிப் பார்த்தார். "எனக்கு ஏதுங்க பொண்ணு?"

போர்வையை விலக்கினேன்.

அவள் கை மணிக்கட்டு வரைதான் தெரிந்தது. மீதி...

வயிற்றுக்குள் இருந்தது.

"வர மாட்டேங்குது" என்றாள் மறுபடி. அழுதாள்.

மணி மூன்று நாற்பது.

நான் போட்ட சத்தத்தில் வளவன் ஓடிவந்தான். கட்டிலருகே யாரும் இல்லை. ராகு காலமாவது ஒன்றாவது, எழில்மொழியை 108-இல் ஏற்றி, வளவனையும் கூட அனுப்பிவிட்டேன். குழந்தை தாங்குமா என்று எனக்கே நம்பிக்கை இல்லை.

காளியம்மாளிடம் நான் பார்த்ததைச் சொன்னேன். பச்சைப் புடவை என்றதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"குந்தவைங்க அது. வளவனுக்கு மூத்த சம்சாரம். இதே மாதிரிதான் தலை எறங்கல. கொட்டுற மழையில, ராகு காலத்துல கிளம்பினோம், வழியிலயே வயித்துப் புள்ளையோட போயிட்டா. அதான் இன்னிக்குத் தடுத்தேன்."

பிறகு அவரே சொன்னார்.

"புள்ளையோட போனவளுக்கு ரோட்டோரம் சுமைதாங்கிக் கல்லு நடணும். வழிப்போக்கருங்க அதுல சுமைய எறக்கி வெச்சாத்தான் அவ வயித்துப் பாரம் எறங்கும்பாங்க. இப்ப யாருங்க தலையில சுமக்கிறா? நடாம விட்டுட்டோம்."

ஆறு மணிக்கு மன்னார்குடியிலிருந்து டாக்டரம்மா போன் செய்தார்.

"ரெண்டு உசுரும் பொழச்சிடுச்சு. இன்னும் ஒரு மணி நேரம் வெச்சிருந்தா கஷ்டம்."

எனக்கு மூச்சு வந்தது. அவர் போனை வைக்கவில்லை.

"சாவித்திரி... ஸ்கேன்ல ஒரு குழந்தைதானே?"

"ஆமா டாக்டர்."

"புள்ளையோட ரெண்டு கணுக்கால்லயும் விரல் தடம். கன்னிப்போயிருக்கு. யாரோ இறுக்கிப் புடிச்ச மாதிரி."

அந்தப் பச்சைப் புடவைக்காரியின் கை ஞாபகம் வந்தது.

"பெரியவங்க விரல் இல்ல" என்றார். "பச்சைக் குழந்தையோட விரல்."