இடது காலுக்கு ஒன்று, வலது காலுக்கு ஒன்று

"அதுக்கென்னங்க, குடிச்சுப்போட்டாப் போச்சு" என்று ஆல்வின் மூன்றாவது டீயைக் கையில் வாங்கிக்கொண்டான். முதல் டீ அவனாகக் குடித்தது. இரண்டாவது, எரிந்துபோன பம்புசெட் மோட்டாரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்த விவசாயி வாங்கித் தந்தது. மூன்றாவது, கூட வந்த அவருடைய மைத்துனர் தந்தது. வயிற்றில் இடமில்லைதான். ஆனால் ஒருவர் நீட்டியதை வேண்டாம் என்று சொல்லும் வித்தை ஆல்வினுக்குக் கைவரவில்லை.

கணபதி வட்டாரத்தில் அவனுக்கு மோட்டார் காயில் கட்டும் பட்டறை. செம்புக் கம்பியைச் சுற்றும்போது உதடு மட்டும் அசையும். எண்ணிக்கொண்டிருக்கிறான் என்று அர்த்தம். நடுவில் யாராவது "ஏனுங்க" என்று கூப்பிட்டால் எண்ணிக்கையை விட்டுவிட்டு "சொல்லுங்க" என்பான். வந்தவர் போன பிறகு, சுற்றியதையெல்லாம் பிரித்து முதலிலிருந்து தொடங்குவான். முகம் கோணாது. ஒரு முகூர்த்த நாளில் மூன்று கல்யாண வீட்டிலும் இலை போட்டுச் சாப்பிட்டு, சாயங்காலம் வரை குனிய முடியாமல் பட்டறையில் சாய்ந்து கிடந்தவன் அவன். "சாப்பிட்டுத்தான் வந்தேன்னு சொன்னா அவங்க மனசு சங்கடப்படுமுங்களே" என்றான். அவன் கட்டிய மோட்டார் அதே கோளாறோடு திரும்பி வந்ததில்லை. இதை அவன் சொல்ல மாட்டான். அக்கா கிருபா சொல்வாள், கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும்.

அவனுக்கென்று இருக்கும் ஒரே ஆசை சைக்கிள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பீளமேட்டிலிருந்து கிளம்பும் கூட்டத்தோடு மலையடிவாரம் வரை போய் வருவான். போன மழையில் ஆனைகட்டி ஏற்றத்தில் இடது கால் பெடலிலிருந்து வழுக்கி, கையை ஊன்றி விழுந்து, முழங்கை தோல் உரிந்து வீடு வந்து சேர்ந்தான். கிருபா மருந்து போட்டுக்கொண்டே ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்: "இன்னொருக்கா உழுந்துட்டு வந்தீன்னா சைக்கிள நானே தூக்கி வித்துப்போடுவேன், பாத்துக்க." அவள் சொன்னால் செய்கிறவள்.

அந்த இடது காலில் ஒரு விஷயம் இருக்கிறது. முன்பொரு தடவை சோமனூர் ரோட்டில் மொபெட்டோடு சரிந்ததில் கணுக்காலுக்குள் பிளேட் வைத்திருக்கிறார்கள். நடப்பான், படி ஏறுவான். குதிகாலை வெளிப்பக்கம் திருப்ப மட்டும் வராது. சைக்கிள் கூட்டத்தில் யாருக்கும் இது தெரியாது. தெரிந்தால் தனக்காக மெதுவாக ஓட்டுவார்கள், அவர்களுக்குச் சிரமம் என்று சொல்லாமல் விட்டான்.

இப்படி இருக்கையில்தான் ரோடு பைக் என்கிற புது சைக்கிள் வந்தது. கிருபா அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள்.

"ஏன்டா, பெடலக் கடையிலேயே மறந்து வெச்சுட்டு வந்துட்டியா?"

"இல்லக்கா. இந்த மாதிரி சைக்கிளுக்குப் பெடலு நாமளேதான் பாத்து வாங்கோணுமாம்."

கிளிப்லெஸ் பெடல் என்று பெயர். ஷூவின் அடியில் ஒரு கட்டையைத் திருகிவிட்டால், அது பெடலுக்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும், கால் வழுக்காது. எடுக்க வேண்டுமானால் குதிகாலை வெளிப்பக்கம் திருப்ப வேண்டும். ஆல்வினுக்கு அங்கேதான் தலை சுற்றியது. பூட்டாவிட்டால் ஏற்றத்தில் வழுக்கும். பூட்டினால் சிக்னலில் கால் வராமல் சைக்கிளோடு சாய வேண்டியதுதான். எப்படிப் பார்த்தாலும் விழுகிறான். விழுந்தால் சைக்கிள் போய்விடும்.

"காலக் கட்டிப்போட்டு ஓட்டோணும்னு என்னடா தலையெழுத்து?" என்றாள் கிருபா. அவனுக்கும் அதே சந்தேகம்தான்.

கூட்டத்தில் யோசனை கேட்டான். மில் மேனேஜர் கோபாலசாமி, "ஏனுங்க ஆல்வின், ஷூக் கட்டைக்கு மூணு போல்ட் போடற பெடலாப் போடுங்க. புடிச்சா உடும்புப் புடி" என்று, தன்னிடம் உபரியாக இருந்த ஒரு ஜோடியையே கையில் கொடுத்துவிட்டார். "சரிங்க" என்றான். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் அஃப்ஷீன், "அதெல்லாம் ரேஸுக்குத்தாங்ணா. இது ரெண்டு போல்ட். ஸ்பிரிங்க லூஸ் பண்ணிக்கலாம், மேல இழுத்தாலும் கழண்டுக்கும். ஓட்டிப் பாத்துட்டுத் தாங்க" என்று தன்னுடைய பழைய ஜோடியைக் கொடுத்தாள். அதற்கும் "சரிம்மா" என்றான். அவன் வாங்கியிருந்த ஷூவில் இரண்டு வகைக்கும் துளை இருந்தது. அது இன்னும் மோசம். ஒரு வகைக்கு மட்டும் இருந்திருந்தால் மற்றவரிடம் அதைக் காரணமாகச் சொல்லியிருக்கலாம்.

சனிக்கிழமை பட்டறையில், ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, கோபாலசாமியின் பெடலில் இரண்டு காலையும் பூட்டிப் பார்த்தான். வலது கால் வந்தது. இடது கால் வரவில்லை. பிளேட் இருந்த இடம் சுரீர் என்றது.

"ஆல்வினு, சோறு ஆறுது" என்று வீட்டிலிருந்து கிருபா குரல் கொடுத்தாள்.

"வாரேன்க்கா" என்றான். வர முடியவில்லை. திருகினான், இழுத்தான், பெடலிடமே மன்றாடிப் பார்த்தான். கடைசியில் ஷூவின் பட்டையைக் கழற்றி வெறுங்காலை உருவிக்கொண்டு இறங்கினான். தேடி வந்த கிருபா, பெடலில் தனியாகத் தொங்கிய ஷூவைப் பார்த்தாள்.

"நீ வந்துட்ட, அது மட்டும் ஓட்டுதாக்கும்?"

சாப்பிட்டுவிட்டு வந்து அஃப்ஷீனின் பெடலையும் அதன் ஷூக் கட்டையையும் இடப்பக்கம் மாட்டினான். ஸ்பிரிங்கை முழுக்கத் தளர்த்திவிட்டு, பூட்டி, முழங்காலை மேலே இழுத்தான். கழன்றது. இன்னொரு முறை செய்தான். கழன்றது. இனி வலப்பக்கமும் அவளுடையதையே போட்டுவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் கோபாலசாமி நாளைக்குக் கேட்பாரே! நட்டைத் திருகப் போன கை நின்றுவிட்டது. வலது கால்தான் எதிலும் வருகிறதே, அது அவருடையதாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டான். ராத்திரி இருவரும் தனித்தனியாகப் போன் செய்து "நம்ம பெடலப் போட்டாச்சா?" என்று கேட்டார்கள். இருவரிடமும் "போட்டாச்சுங்க" என்றான். பொய் இல்லை.

காலையில் பீளமேட்டில் எல்லோரும் பார்த்துச் சிரித்தார்கள். "ஒரு காலு எங்க கட்சி, ஒரு காலு அவங்க கட்சிங்களா?" என்றார் கோபாலசாமி. அஃப்ஷீன் போட்டோ எடுத்துக்கொண்டாள். ஆல்வினும் சேர்ந்து சிரித்தான். வண்டியில் ஏறியதும் இரண்டு கால்களும் இரண்டு விதமாக உணர்ந்தன. எந்தக் காலை எப்படி எடுப்பது என்று வழியெல்லாம் தனக்குத் தானே சொல்லிக்கொண்டு வந்தான். வலது திருப்பு, இடது தூக்கு. சிக்னலில் நின்றபோது இடதைத் திருப்பப் பார்த்து, சட்டென்று நினைவு வந்து தூக்கினான்.

தொண்டாமுத்தூர் தாண்டி, தென்னந்தோப்புக்குள்ளிருந்து காய்கறி டெம்போ ஒன்று பின்பக்கமாகவே ரோட்டுக்கு வந்தது. எல்லோரும் பிரேக்கைப் பிடித்தார்கள். ஆல்வினின் சைக்கிள் இடப்பக்கம் சாய்ந்தது. யோசிக்க நேரமில்லை. முழங்கால் தானாக மேலே எழுந்தது. கால் கழன்று தார் ரோட்டில் ஊன்றியது. நின்றுவிட்டான்.

கோபாலசாமிக்கு அவன் தள்ளாடியதுதான் தெரிந்தது. ஓரமாக வண்டியைச் சாத்திவிட்டு, அக்கறையோடு பெடல் கழற்றும் சாவியும் கையுமாக வந்தார். "பாத்தீங்களா? ரெண்டு தினுசு இருந்தா காலு கொழம்பித்தானுங்க போகும். நம்முளுதுல இன்னொண்ணு பையில வெச்சிருக்கறேன். அஞ்சே நிமிசம், மாத்திப்போடலாமுங்க."

"இல்லாட்டி ரெண்டும் என்னுதே போட்டுக்கட்டுங்ணா" என்றாள் அஃப்ஷீன்.

ஆல்வின் அவரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "அது வந்துங்க..." என்று இழுத்தான். கோபாலசாமி அதைச் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டு, இடது பெடலுக்குப் பக்கத்தில் குந்தவைத்து உட்கார்ந்து சாவியை நீட்டினார்.

ஆல்வின் வலது காலைத் திருப்பி எடுத்து ஊன்றி, இடது காலைத் தூக்கி, அவர் கை வந்து சேருமுன் பெடலின் மேல் வைத்து ஓர் அழுத்து அழுத்தினான். டக்கென்று பூட்டிக்கொண்டது. சாவி நீட்டியபடியே இருந்தது; அவன் காலைத் தூக்கவில்லை.