மச்சானின் படகு என்ஜின்

அருள்புரத்தில் கடல் கிடையாது. ஆறும் கிடையாது. பலமாக மழை பெய்தால் பல்லடம் ரோட்டோரம் கொஞ்சம் தண்ணீர் நிற்கும்... அவ்வளவுதான்.

சில மாதங்களுக்கு முன் அந்த ஊருக்கு லாரியில் ஒரு ரேஸ் படகின் என்ஜின் வந்து இறங்கியது! கொண்டு வந்தவர் என் மச்சான் பழனிச்சாமி. என் அக்கா சரசுவின் வீட்டுக்காரர். பனியன் துணி ஓட்டுகிற சின்ன நிட்டிங் கம்பெனி வைத்திருக்கிறார்.

"படகு என்ஜின் எதுக்குங்க மச்சான்?"

"கரண்டு எடுக்கத்தான் மாப்ளே."

மின்வெட்டைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? பத்திரிகைக்கு எழுதும் இந்தப் பத்தியைப் பல வாரம் அரிக்கேன் வெளிச்சத்தில்தான் எழுதினேன். பெரிய கம்பெனிக்காரர்கள் ஜெனரேட்டர் வாங்கிக்கொண்டார்கள். சின்னவர்கள் ஷெட்டைப் பூட்டிவிட்டு வாசலில் உட்கார்ந்தார்கள். மச்சானுக்கு உட்காரத் தெரியாது. என்ஜின் தேடி ஊர் ஊராக அலைந்து, கடைசியில் கொச்சிக்குப் போய்ச் சேர்ந்தார்.

அங்கே ஒரு எஸ்டேட் முதலாளி பந்தயம் விடுவதற்கென்றே வெளிநாட்டிலிருந்து வரவழைத்த படகு பாறையில் மோதி உடைந்து கிடந்ததாம். டீசல் என்ஜின் மட்டும் தப்பித்திருக்கிறது. கூடவே மரப்பெட்டியில் தனியாக இரண்டு டர்போசார்ஜர் - நத்தைக் கூடு மாதிரி சுருண்ட இரும்பு. மச்சான் எல்லாவற்றையும் சேர்த்து வாங்கிவிட்டார்.

அக்காவைக் கேட்டாரா? கேட்டிருந்தால் லாரி வந்திருக்காதே!

"ஊட்டுக்கு ஒரு கிரைண்டர் கேட்டேன் தம்பி. கப்பலக் கொண்டாந்து நிறுத்தியிருக்காரு" என்றாள் என்னிடம்.

என்ஜினை மாட்ட ராயப்பன் வந்தார். தூத்துக்குடியில் மீன்பிடி லாஞ்ச் என்ஜின்களைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தவர். இப்போது திருப்பூரில் லாரி ஒர்க்ஷாப் வைத்திருக்கிறார். பெட்டியிலிருந்த டர்போக்களை இப்போதைக்குத் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஷெட்டுக்குப் பின்னால் கான்கிரீட் போட்டு என்ஜினை உட்கார வைத்தார். டைனமோவை இணைத்தார். கடல் தண்ணீரில் குளிர வேண்டிய என்ஜினுக்குக் கிணற்றுத் தண்ணீர்.

ஓடியது. ஆனால் பாதி மெஷின்களுக்குத்தான் தாங்கியது. அதற்கு மேல் ஒரு மெஷினைப் போட்டாலும் என்ஜின் திணறும்... பல்பெல்லாம் மங்கிப்போகும்.

"பாதிப் பேரை மட்டும் வரச் சொல்லுங்களேன்" என்று யோசனை சொன்னேன். யோசனை சொல்ல நமக்கு என்ன கஷ்டம்?

"எந்தப் பாதிய மாப்ளே?" என்று கேட்டார் மச்சான். "ருக்மணி ஊட்டுக்காரன் ஆஸ்பத்திரியில கெடக்கறான். ஈஸ்வரனுக்கு இப்பத்தான் கல்யாணம் ஆச்சு. யாரப் போகச் சொல்றது? நீயே சொல்லு பாக்கலாம்."



அவரும் முயற்சி செய்யாமலில்லை. பாதிப் பேரை வர வேண்டாமென்று சொல்லிவிடுவது என முடிவு செய்து ஒரு நாள் காலையில் ஷெட்டுக்குள் போனார். "எல்லாரும் சாப்புட்டீங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டார். ஆளுக்குப் பாதி நேரம் என்று முறை வைத்து ஓட்டினார்கள். கூலியும் பாதியானது. யாரும் வாய் திறந்து குறை சொல்லவில்லை. அதுதான் மச்சானை ரொம்பவும் அரித்தது.

"ராயப்பா, அந்த டர்போவ மாட்டிரலாமா?"

விஷயம் எளிது. என்ஜின் வெளியே தள்ளுகிற புகையின் வேகத்தில் டர்போவின் சக்கரம் சுற்றும். அது காற்றை அழுத்தி உள்ளே திணிக்கும். காற்று கூடினால் டீசலைக் கூட்டலாம், சக்தியும் கூடும். இந்த என்ஜினில் சிலிண்டர்கள் இரண்டு வரிசை. வரிசைக்கு ஒரு டர்போ.

சொல்லத்தான் எளிது! புகைக்குழாயின் வாய் பொருந்தவில்லை. கோயமுத்தூர் லேத்துக்குப் போய்ப் புதுத் தகடு கடைந்து வந்தார்கள். டர்போக்களுக்கு ஆயில் போக, திரும்பி வர, தனித்தனிக் குழாய்கள் போட்டார்கள். ஒருவழியாக எல்லாம் மாட்டி, என்ஜினை ஸ்டார்ட் செய்தார்கள்...

ஷெட் முழுக்க நீலப்புகை. இருமிக்கொண்டே எல்லோரும் வெளியே ஓடி வந்தோம். புகை அடங்கியபின் உள்ளே போய்ப் பார்த்தால், வெளுத்து அடுக்கி வைத்திருந்த துணியெல்லாம் கரி.

அக்கா சத்தம் போட்டிருந்தால் மச்சான் பிழைத்திருப்பார். அவளோ கரி படிந்த துணியை ஒவ்வொன்றாக எடுத்து மடித்து ஓரமாக வைத்தாள். அன்று மச்சான் சாப்பிட வரவில்லை. என்ஜின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

காரணத்தைக் கண்டுபிடிப்பதற்குள் மச்சானும் ராயப்பனும் பாதி என்ஜினைக் கழற்றிவிட்டார்கள். கடைசியில் ராயப்பன் தலையில் அடித்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, படகுல இது சாஞ்சுல்லா இருக்கும்! இங்க மட்டமா உக்கார வச்சிட்டோம். ஆயில் எப்படித் திரும்பும்? டர்போவுலயே தேங்கி, புகையாப் போவுது."

திரும்பி வரும் குழாய்களை நல்ல சரிவாக வைத்து மாட்டினார்கள். வியாழக்கிழமை காலையில் எல்லோரையும் முழுநாள் வேலைக்கு வரச் சொல்லிவிட்டார் மச்சான். எலுமிச்சம்பழம், கற்பூரமெல்லாம் தயார்.

வியாழக்கிழமையும் வந்தது. கூடவே, கரண்டும் வந்துவிட்டது!

மழையில் அணைகள் நிரம்பி, மின்வெட்டையே எடுத்துவிட்டார்களாம். தெருவெல்லாம் ஒரே சந்தோஷம். ஷெட்டில் எல்லா மெஷினும் ஓடின. மச்சானும் சிரித்த முகமாகத்தான், "நல்லதுங்க, ரொம்ப நல்லதுங்க" என்று எல்லோரிடமும் சொன்னார். பிறகு பின்பக்கம் போய், ஏற்கெனவே துடைத்து வைத்திருந்த என்ஜினை இன்னொரு தடவை துடைக்க ஆரம்பித்தார். ராயப்பன் ஸ்பேனர்களைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார்.

காபி கொண்டு வந்த அக்கா வாசல்படியிலேயே நின்றாள். மச்சானின் முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு ஷெட்டுக்குள் போனாள். நேராக மெயின் சுவிட்ச் அருகே போய், கைப்பிடியைப் பிடித்துக் கீழே இழுத்தாள்.

மெஷினெல்லாம் நின்றன.

"ஏனுங்க... கரண்டு போயிருச்சுங்க!"

மச்சான் ஓடி வந்தார். அக்காவின் கை சுவிட்சின் மேலேயே இருந்தது. அதைப் பார்த்தார். அவள் முகத்தையும் பார்த்தார். 

முதல் மெஷினில் நின்ற ருக்மணிதான் பேசினாள். "ஆமாங்க மொதலாளி, போயே போயிருச்சுங்க. என்ஜினப் போடுங்க."

ராயப்பன் பையைக் கவிழ்த்து ஸ்பேனரைத் தேடினார். கற்பூரம் ஏற்றினார்கள். என்ஜின் உறுமியது. அந்த உறுமலுக்குள்ளிருந்து டர்போக்களின் விசில் மெல்லக் கிளம்பியது. ஒவ்வொரு மெஷினாகப் போட்டார்கள். பாதியைத் தாண்டியது... கடைசி மெஷினும் ஓடியது. பல்பு மங்கவில்லை. ஒரு துணியிலும் கரி இல்லை.

"போவுது பாத்தீயளா அண்ணாச்சி!" என்று கத்தினார் ராயப்பன்.

மச்சான் ஷெட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்து, ஓடுகிற ஒவ்வொரு மெஷின் மேலும் கையை வைத்துப் பார்த்தார்.

அன்று சாயங்காலம் வரை எதிர் டீக்கடையில் ஃபேன் ஜோராகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஷெட்டுக்குள் இருந்த ஒருத்தர் கண்ணிலும் அது படவில்லையாம்!