டொக்டர் திலகவதி இல்லாமல் ஏறப்போகும் மருந்து

டொக்டர் திலகவதி கடந்த செவ்வாய்க்கிழமை காலை கொழும்பில் மாரடைப்பால் காலமானார். மன்னார்ப் பக்கம் அரிப்புக் கிராமத்துக் கரையில் நண்டு நிறுத்துக்கொண்டு நின்றபோது எனக்குச் செய்தி வந்தது. தராசை விட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். என் மனைவி பிலோமினா முகத்தைப் பார்த்ததும் கேட்டாள்: "ஆர், டொக்டரம்மாவோ?" தலையாட்டினேன். "அப்ப எனக்கு இனி ஆர்?" என்றாள்.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். உடம்பைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தியே மாறி, மூளையையும் கண் நரம்பையும் முள்ளந்தண்டையும் தாக்குகிற நோய்கள் உண்டு. அவற்றை ஆராய்வதும், அவற்றுக்கு வைத்தியம் செய்ய மற்ற டொக்டர்மாரைப் பழக்குவதுமே அவருடைய வாழ்க்கை.

பிலோமினாவுக்கு முதலில் வலக்கண் மங்கியது. பிறகு இடுப்புக்குக் கீழே விறைத்தது. வெயில் ஏறினால் கூடும். நண்டு வைக்கும் எங்கள் ஐஸ் அறைக்குள் நின்றால் கொஞ்சம் தெளியும். அவளுடைய அண்ணன் சவிரி அதைப் பிடித்துக்கொண்டார். "குளிர்தான் மச்சான் மருந்து" என்று அவளை ஐஸ் பெட்டிகளுக்கு நடுவில் கதிரை போட்டு இருத்தினார். நாங்களும் நம்பினோம். எங்கள் தொழிலில் எதையும் கெடாமல் காப்பது ஐஸ்தானே. ஒரு கிழமைக்குள் அவளால் எழுந்து நிற்க முடியவில்லை.

மன்னார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனோம். அங்கே டொக்டர்மாருக்குப் பயிற்சி கொடுக்க வந்திருந்த டொக்டரம்மா கதையைக் கேட்டுச் சிரித்தார். "முதலாளி, நண்டை ஐஸில வைக்கலாம், பொஞ்சாதியை வைக்கேலாது. குளிர் கொஞ்ச நேரச் சுகம். உள்ளுக்க நடக்கிற சண்டையை அது நிப்பாட்டாது."

சவிரியண்ணன் தலை குனிந்தார். "நீங்கள் ஏன் குனியிறியள்? வெக்கையில கூடுது எண்டு கவனிச்சது எனக்குப் பெரிய உதவி" என்றார் டொக்டரம்மா. பிறகு தன்னோடு நின்ற டொக்டர்மாரிடம் திரும்பினார்: "அவசரப்பட்டு நோய்க்குப் பேர் வைக்காதையுங்கோ. ரத்தத்தைப் பாருங்கோ, ஸ்கானைப் பாருங்கோ. ரெண்டு நோய் அக்கா தங்கச்சி மாதிரி இருக்கும். ஒண்டுக்குக் குடுக்கிற மருந்து மற்றதைக் கிளப்பிவிடும்."

அந்தக் கடைசி வசனத்தை ஒவ்வொரு முறை மருந்து ஏறும்போதும் நினைப்பேன்.

சில மாதங்களுக்கு ஒருமுறை, டொக்டரம்மா பார்த்திருக்க, நரம்பில் மருந்து ஏற ஏறப் பிலோமினா எழுந்து நடந்தாள். நான் வியாபாரி, அவரிடம் உத்தரவாதம் கேட்டேன். "திரும்ப வராது எண்டு ஒருக்காச் சொல்லுங்கோ."

"உங்கட ஐஸ் உருகாமல் நண்டு கொழும்புக்குப் போகும் எண்டு எழுதித் தருவியளோ?"

"ஏலாது."

"அதுக்காக லொறியை விடாமல் இருக்கிறியளோ?"

அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. பயம் மட்டும் போகவில்லை. காலையில் அவள் விழித்ததும், "ஜன்னல் தெரியுதோ?" என்பேன். "தெரியுது. உங்கட மூஞ்சியும் தெரியுது, அதுதான் கவலை" என்பாள். அந்தப் பதில் வந்த பிறகுதான் கரைக்குப் போவேன்.

செத்த வீட்டில் டொக்டரம்மாவின் கண்ணாடியைக் கழற்றியிருந்தார்கள். கண்ணாடி இல்லாமல் அவரை நான் பார்த்ததில்லை. யாரோ முன்பின் தெரியாதவர் போலக் கிடந்தார். பக்கத்தில் அவரிடம் பயிற்சி பெற்ற டொக்டர் நஸ்ரின் நின்றார், எங்கள் பக்கத்து ஊர்ச் சிலாவத்துறைக்காரர்.

"அடுத்த மருந்தை நான்தான் ஏத்தவேணும், அங்கிள். அவ இல்லாமல் முதல் தரம். எனக்கும் பயமாத்தான் இருக்கு."

"இதை நீங்கள் என்னட்டச் சொல்லலாமோ, பிள்ளை?"

"சொல்லாமல் ஏத்தினால் உங்களுக்குச் சந்தோசமோ?"

என்னோடு வந்திருந்த பிலோமினாதான் பதில் சொன்னாள். "பயந்த ஆள்தான் பாத்துச் செய்வா. நீங்களே ஏத்துங்கோ."

டொக்டரம்மா, நீங்கள் ஆறுதலாகக் கிடவுங்கோ. பயத்தை எங்களிடம் விட்டுவிட்டுப் போங்கோ.

சவப்பெட்டி மூடுமுன் நாங்கள் மூவரும் பேசிக்கொண்டது இதுதான்: வருகிற புதன்கிழமை மன்னாரில் மருந்து ஏறும். கடைசித் துளி இறங்கும்வரை நஸ்ரின் டொக்டர் கட்டிலை விட்டு விலகமாட்டார். இடையில் நிறுத்துவதா தொடர்வதா என்பதை அவர் சொல்வார். பயத்தில் நிறுத்தச் சொல்லி நான் வாய் திறக்கமாட்டேன்.