இடப்பக்கம் ஒரு சிவப்புக் கரை

ஆல்டரேஷன் அக்காவின் கையில் சிக்கிய எந்தப் பொருளும் கடையில் வாங்கிய கோலத்தில் இருக்காது. புதுக் கைப்பை வாங்கினால் அன்றைக்கே வாரைப் பிரித்து வேறு இடத்தில் தைப்பார். குடைக்குப் பிடி மாற்றுவார். மழைக்கோட்டுக்கு உள்பை வைப்பார். மாடிப்படிக்கு அடியில் ஓர் அறைதான் அவர் கடை. உள்ளே ஒரு தையல் மெஷின், ஒரு இஸ்திரி மேஜை, சுவர் முழுக்க ஊரார் கோட்டும் பேண்ட்டும். மேலே இரண்டு அறைகளில் குடித்தனம்.

"ஒரு சாமானையாவது இருக்கிறபடி விட மாட்டியா நீ?" என்று அக்காவின் கணவர் அலுத்துக்கொள்வார்.

"உங்களை விட்டு வச்சிருக்கேன்ல," என்பார் அக்கா, வாயில் குண்டூசியோடு.

வீட்டுக்காரர் நெடுந்தூரப் பேருந்து ஓட்டியவர். இன்றைக்கும் தெருவில் அவருக்கு டிரைவர் என்றுதான் பேர். மலைப்பாதை வளைவில் பின்னால் வரும் லாரியின் சத்தத்தை வைத்தே அதில் சுமை இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவாராம். சொன்னது அவர்தான், நாம் போய்ப் பார்க்கவில்லை. எப்படியோ, ரோட்டையே கண்ணில் வைத்து வாழ்ந்த மனிதர். அவருக்குத்தான் ஒரு காலை வேளையில் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது மூளையில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது.

பிழைத்துவிட்டார். கை கால் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. பேச்சு பழையபடி, கிண்டல் உட்பட, முழுசாக வந்தது. அப்பாடா என்று அக்கா பெருமூச்சு விட்ட வாரத்தில்தான் அந்த விநோதம் தலைகாட்டியது. தட்டில் வைத்ததில் வலப்பக்கம் இருந்ததை மட்டும் சாப்பிட்டுவிட்டு, "இன்னிக்கு என்ன, பாதிதான் போட்டியா?" என்று கேட்டார். அக்கா வந்து தட்டை அரைச் சுற்று திருப்பி வைத்தார். "ஓ, இப்பப் போட்டியா," என்று மீதியையும் சாப்பிட்டார். முகத்தில் வலது கன்னம் மட்டும் வழவழவென்று சவரமாகியிருந்தது. இடப்பக்கம் நின்று கூப்பிட்டால் வலப்பக்கக் கதவைப் பார்த்துப் பதில் சொன்னார்.

கண்ணில் கோளாறு இல்லை என்றார் மருத்துவர். பார்வை போய்ச் சேர்கிறது, மூளைதான் வாங்கி வைத்துக்கொள்ள மறுக்கிறது. இடது என்று ஒரு திசை இருப்பதே இவர் மனசுக்கு மறந்துவிட்டது, மறந்தது என்பதும் தெரியாது. அக்கா அன்றைக்கு மருத்துவமனை வராந்தாவில் தன் இடது கையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாராம். ஒரு மனுஷனிடமிருந்து பாதி உலகத்தை எடுத்துக்கொள்ளலாம், அவன் தேடக்கூட மாட்டான் என்றால் அந்தத் தலைக்குள் என்னதான் இருக்கிறது? நினைக்க நினைக்க அவருக்கு உடம்பு சிலிர்த்தது.

சிலிர்ப்பு ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். அவர்கள் தெரு ஒருவழிப் பாதை. வாசலில் இறங்கினால் வண்டிகள் எல்லாம் இடப்பக்கமிருந்துதான் வரும். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாளே டிரைவர் யாரிடமும் சொல்லாமல் கிளம்பி, ஒரு பால் வேனுக்கு முன்னால் நிதானமாக நடந்தார். வேன்காரன் பிரேக் போட்டுக் கத்தினான். இவரோ, "வானத்திலேர்ந்து குதிச்ச மாதிரி வர்றான் பாரு," என்று அவனையே குறை சொன்னார். இடப்பக்கம் திரும்பிப் பார்க்கப் பழகும்வரை தனியாக வெளியே விடக்கூடாது, பழகாமலே போனால் எப்போதுமே விடக்கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வாழ்நாளெல்லாம் ஊர் ஊராகப் போன மனுஷன் இனி ஜன்னலோடு சரியா?

வீட்டில் அவருக்கு மிச்சமிருந்த பொழுதுபோக்கு கம்ப்யூட்டரில் இணையம் வழியாக ஆடும் செஸ். எதிராளி அக்காவின் தம்பி, தொலைவில் வேறு ஊரில் இருப்பவன். முன்பெல்லாம் மச்சானைக் கதறக் கதற ஜெயிப்பார். இப்போது தோல்விக்கு மேல் தோல்வி. "உன் தம்பி என் யானையைத் திருடிட்டான். ஆரம்பத்திலேயே ஒரு யானைதான் இருந்துச்சு," என்று முறையிட்டார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். பலகையின் இடது பாதியில் இருந்த காய்கள் எதையும் இவர் தொடவே இல்லை. முந்தைய பக்கத்துக்குப் போகும் அம்புக்குறி இடது மூலையில் இருந்தது, அது இவருக்கு இல்லை. மவுஸ் அம்பு இடப்பக்கம் நழுவினால், "செத்துப்போச்சு," என்று மவுஸையே மேஜையில் தட்டினார்.

அந்த அம்புக்குறியைக் கண்ணால் பார்த்துக்கொண்டே அக்கா சும்மா இருப்பாரா? பொத்தான் இடம் மாறி இருந்தால் கை பரபரக்கிற பெண்மணி. பிரவுசரின் மேல்பட்டையில் மவுஸின் வலப்பக்கத்தை அழுத்திப் பார்த்தார். ஒரு சின்னப் பட்டியல் விழுந்தது. அதில் 'கருவிப்பட்டையைத் தனிப்பயனாக்கு' என்று ஒரு வரி. தமிழ்தான், ஆனால் பல்லுக்கு வேலை வைக்கிற தமிழ். என்ன ஆனாலும் ஆகட்டும் என்று அதை அழுத்தினார். பட்டையில் இருந்த பொத்தான்கள் எல்லாம் தளர்ந்த மாதிரி ஆயின. அம்புக்குறியைப் பிடித்து இழுத்தார். வந்துவிட்டது. கொண்டுபோய் வலது ஓரத்தில் விட்டார். ஒட்டிக்கொண்டது.

அக்கா மவுஸை விட்டுக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

நல்ல தையல்காரன் துணிக்குள்ளே கொஞ்சம் மடிப்பு விட்டுத் தைப்பான். போட்டுக்கொள்கிறவன் நாளைக்குப் பெருத்துப் போகலாம், பிரித்து விடத் துணி வேண்டும் என்று. வெளியிலிருந்து பார்த்தால் அது தெரியாது, பிரிக்கிறவர்களுக்குத்தான் தெரியும். இந்தப் பிரவுசரைச் செய்தவன் எவனோ, எங்கேயோ உட்கார்ந்து, முன்பின் தெரியாத ஒருத்தியின் புருஷனுக்கு ஒருநாள் தேவைப்படும் என்று இத்தனை மடிப்பு விட்டு வைத்திருக்கிறானே! "என்னம்மா, ஊமையாயிட்ட?" என்றார் டிரைவர். "ஒண்ணுமில்லீங்க. இதைத் தைச்சவன் பெரிய ஆளு," என்றார் அக்கா.

அன்றிலிருந்து பிடித்தது பைத்தியம். வரிசையாகத் திறந்து கிடக்கும் பக்கங்களின் தலைப்புகளை மேலேயிருந்து கழற்றி வலப்பக்கம் செங்குத்தாக அடுக்கினார். விளம்பரங்களை மறைத்தார். எழுத்தைப் பெரிதாக்கினார். எந்த வலைத்தளத்தின் தோற்றத்தையும் நம் இஷ்டத்துக்கு மாற்ற ஒரு எக்ஸ்டென்ஷன் இருப்பதைக் கண்டுபிடித்தார். அதில் நாலைந்து வரி எழுதினால் போதும், பக்கமே பேச்சைக் கேட்கும். யாரோ புண்ணியவான்கள் உதவிப் பக்கங்களில் எழுதி வைத்திருந்த வரிகளை எடுத்து ஒட்டினார். ஓர் அரைப்புள்ளி விட்டுப்போனதில் மொத்தமும் எறும்பு சைஸுக்குப் போனது. பதறிப்போய் அழித்தார், மறுபடி ஒட்டினார். கடைசியில் செஸ் பலகையைச் சுருக்கித் திரையின் வலது பாதியில் கொண்டு வந்து நிறுத்தினார். இடது பாதி வெறும் கறுப்பு.

டிரைவர் அன்றைக்கு மச்சானை ஜெயித்தார். மறுநாளும் ஜெயித்தார். "திருட்டுப் பய, யானையைத் திருப்பிக் கொடுத்துட்டான்," என்று சிரித்தார். வீட்டில் அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! அக்கா அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்துகிற ஆளா? கட்டிலைத் திருப்பிப் போட்டார். தண்ணீர்ச் சொம்பு, கண்ணாடி, செருப்பு எல்லாவற்றையும் வலப்பக்கம் மாற்றினார். தட்டில் வலது பாதியில் மட்டுமே பரிமாறினார். வீட்டையே அவருக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி ஆக்கிவிட்டார்.

பயிற்சி கொடுக்கும் தெரபிஸ்ட் அம்மாள் ஒருநாள் வீட்டுக்கே வந்தார். மேஜையில் நீளமாக ஒரு நாடாவை விரித்து, "நடுவுல தொடுங்க சார்," என்றார். டிரைவர் வலது முனைக்குப் பக்கத்தில் தொட்டு, "இதான் நடு," என்றார். மருத்துவமனையில் தொட்ட இடத்தைவிட இது இன்னும் வலப்பக்கம். தெரபிஸ்டின் முகம் மாறியது. எழுந்து போய் கம்ப்யூட்டரைப் பார்த்தார். கட்டிலையும் பார்த்தார்.

"ரொம்ப அழகாப் பண்ணியிருக்கீங்கக்கா. நான்கூட இந்த அளவுக்குப் பண்ணியிருக்க மாட்டேன்," என்றார் மெதுவாக. "ஆனா இவர் இப்ப இடப்பக்கம் திரும்ப வேண்டிய அவசியமே இல்லையே. அப்புறம் மூளை எதுக்குங்க திரும்பணும்?"

அக்காவுக்கு முகத்தில் யாரோ அறைந்த மாதிரி இருந்தது. அந்த அம்மாள் மேல் கோபம் வந்தது, அதைவிடத் தன்மேல் வந்தது. ஆளுக்கு ஏற்றபடி துணியைத் தைத்தே பழகிய கை. ஆள் வளரட்டும் என்று விட்டுத் தைக்கத் தோன்றவில்லையே. "இப்ப என்ன பண்ணணும்?" என்றார்.

"அவருக்குப் பிடிச்சதை எல்லாம் இடப்பக்கம் வைங்க. இடது கோடியில பளிச்சுன்னு ஒரு சிவப்புக் கோடு போடுங்க. அந்தக் கோடு கண்ணுல படுற வரைக்கும் தேடச் சொல்லுங்க. உடனே வராது, திட்டுவார். விடாதீங்க."

அந்த அம்மாள் படி இறங்கியதும் அக்கா உட்கார்ந்தார். பார்த்துப் பார்த்துத் தைத்ததை எல்லாம் ஒவ்வொன்றாகப் பிரித்தார். பலகையைத் திரை முழுக்க விரித்தார். தலைப்புகளை இடப்பக்கம் கொண்டுபோனார். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் இடது ஓரத்தில் கெட்டியாக ஒரு சிவப்புக் கரை விழும்படி வரி எழுதினார். ஆட்டத்தைத் தொடங்கும் பொத்தானை அந்தக் கரையை ஒட்டி வைத்தார். வைக்கும்போது கண் கலங்கிக் கலங்கி எழுத்து மறைந்தது.

டிரைவர் திட்டினார். சாதாரணத் திட்டா? ஹாரன் அடிக்காமல் ஓவர்டேக் செய்தவனைக்கூட அப்படித் திட்டியிருக்க மாட்டார். "நல்லா இருந்ததைக் கெடுத்து வச்சிருக்கா. ஆட ஆரம்பிக்கவே வழியில்ல. இருக்கிறபடி விடவே மாட்டா." பிறகு திட்டுவதையும் நிறுத்திவிட்டு, அணைந்த திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். அதுதான் தாங்க முடியவில்லை. தம்பி போனில் கூப்பிட்டான்.

"அக்கா, அத்தான் என்கிட்ட போன்ல அழறாருக்கா. பழையபடி வச்சுக் குடுத்துடேன். ஏதோ அந்த ஆட்டமாவது ஆடிட்டுப் போகட்டும்."

"வச்சுக் குடுத்துட்டு? வாசல்ல இறங்கினா எவன் வேனை வலப்பக்கம் மாத்தி ஓட்டுவான், நீயா?" என்று சீறிவிட்டு வைத்தார். சீறிவிட்டாரே தவிர, கை மவுஸுக்குத்தான் போனது. பிரிப்பதற்கு முன்னால் சேமித்து வைத்த பழைய அமைப்பு பத்திரமாக இருந்தது. ஓர் அழுத்தலில் திரும்பி வந்துவிடும், வீட்டில் சிரிப்பும் வந்துவிடும். அம்பு அந்தப் பொத்தான்மேல் நின்றது. அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு பழைய அமைப்பை மொத்தமாக அழித்தார். பிறகு டிரைவரின் தோளைத் தொட்டு, "சிவப்பைத் தேடுங்க," என்றார்.

தேடினார். வீம்புக்குத் தேடினார், மச்சானிடம் தோற்றுக்கொண்டே தேடினார். முதலில் விழி நகரும், தலை வராது. பிறகு தலை வரும், பாதியில் நின்றுவிடும். "இன்னும்," என்பார் அக்கா. "இன்னும் எங்கடி போறது, சுவர் வந்துடும்," என்பார் இவர். பேருந்து ஓட்டியவர் அல்லவா, ஒருநாள் தானாகவே, "ஓரக்கோடு தெரியாம வண்டியை எடுக்கக் கூடாது," என்று முணுமுணுத்தபடி கழுத்தை முழுசாகத் திருப்பினார். கரை கண்ணில் பட்டது. கரையை ஒட்டி ஒரு யானை நின்றுகொண்டிருந்தது. அவர் அதைத் தொட்டார். பார்த்துக்கொண்டிருந்த அக்காவுக்கு ரோமம் சிலிர்த்தது. இல்லாத ஒரு திசையை ஒரு மனுஷன் தன் கழுத்தாலேயே இழுத்துக் கொண்டுவருகிறான், இதைவிடப் பெரிய அதிசயம் எங்கே இருக்கிறது?

அதற்கப்புறம் வேகம் பிடித்தது என்று சொல்ல ஆசைதான். பிடிக்கவில்லை. சில நாள் வரும், சில நாள் வராது. கரையை மெலிதாக்கினார் அக்கா. இன்னும் மெலிதாக்கினார். கடைசியில் எடுத்தே விட்டார். கரை இல்லாமலும் தலை அந்த இடத்துக்குப் போய்த் திரும்பியது. தெரபிஸ்ட் அம்மாள் வந்து நாடாவை விரித்தார், ஜன்னலோரம் நிறுத்திக் கேள்வி கேட்டார், தெருவில் கூடவே நடந்து பார்த்தார். "தனியா ஒருதடவை போகட்டும்," என்றார். "நீங்க கடையிலேயே இருங்க."

அக்கா கடையில் இருந்தார். அதாவது ஊசியில் நூல் கோக்காமல், காலை மிதியில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். டிரைவர் நடைபாதை ஓரம் போய் நின்றார். தலை மெல்ல இடப்பக்கம் திரும்பியது. ஒரு லாரி வந்தது, விட்டார். இரண்டு சைக்கிள் வந்தது, விட்டார். தெரு காலியானது. இப்போது கடக்க வேண்டியதுதான். அவர் கடக்கவில்லை. தலை திரும்பியது திரும்பியபடி நின்றார்.

அக்கா இருந்துபார்த்தார். இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து ஓடிப்போய் அவர் இடப்பக்கம் நின்று, "என்னாச்சுங்க? தெரு காலியாத்தான இருக்கு?" என்றார்.

டிரைவர் அக்காவைப் பார்த்தார். அப்புறம் அவருக்கு அப்பால், தெரு வளைந்து திரும்பும் மூலைவரை பார்த்தார். அங்கே மாடியில் யாரோ போர்வையை உதறிக்கொண்டிருந்தார்கள். ஒரு கடைக்காரர் ஷட்டரைத் தூக்கினார்.

"இரு, பாத்துட்டுப் போறேன்," என்றார். "இந்தப் பக்கம் எவ்வளவு இருக்கு பாரு."