புகார் என்ற பொத்தான்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது எங்கள் கடலூர் அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். அதனால்தானோ என்னவோ, சிதம்பரம் கிளைக்குப் போய் ஆய்வு செய்ய ஆள் வேண்டும் என்றதும் முதலாளி நேராக என்னைப் பார்த்தார். "நீங்க போனாதான் மேடம் சரியா வரும். பாத்துட்டு வந்து சொல்லுங்க, அந்த டெஸ்டிங் டீம் நமக்கு வேணுமா வேணாமான்னு."

நாங்கள் கல்யாண மண்டபங்களுக்கு சாஃப்ட்வேர் செய்கிறோம். எந்தத் தேதியில் யார் வீட்டுக் கல்யாணம், காலையா மாலையா, எல்லாம் அதில்தான். எழுதுவது கடலூரில். எழுதியது சரியாக ஓடுகிறதா என்று சோதிப்பது சிதம்பரத்தில், ஒரு செல்போன் கடை மாடியில் இருக்கும் நாலு பெண்கள்.

பிரச்சினை சேத்தியாத்தோப்பில் ஆரம்பித்தது. அங்கே ஒரு மண்டபத்தில் ஒரே முகூர்த்தத்தை எங்கள் சாஃப்ட்வேர் இரண்டு கல்யாணத்துக்குக் கொடுத்துவிட்டது. இரண்டு வீட்டாரும் மண்டபக்காரருக்குப் பத்திரிகை வைக்கப் போனபோதுதான் விஷயம் வெளியே வந்தது. ஒரு வீட்டாருக்கு வேறு மண்டபம் பிடித்துக் கொடுத்துச் சமாளித்தோம். மண்டபக்காரர் முதலாளியைப் போனில் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினார்.

முதலாளி உடனே தவறுகளைப் பதியும் பக்கத்தைத் திறந்து பார்த்தார். சிதம்பரத்திலிருந்து மாதக்கணக்கில் ஒன்றுமே இல்லை. "சும்மா உக்காந்து சம்பளம் வாங்குறாங்க" என்று முடிவு கட்டிவிட்டார். சென்னையில் ஒரு கம்பெனியிடம் வேலையைக் கொடுத்துவிடலாம், இவர்கள் வேண்டுமானால் அங்கே போய்ச் சேர்ந்துகொள்ளட்டும் என்பது அவர் கணக்கு. நாலு பேரில் மூத்தவளுக்குக் கைக்குழந்தை, கணவருக்குச் சிதம்பரத்திலேயே பள்ளிக்கூட வேலை. அவள் எந்தச் சென்னைக்குப் போவாள்?

கடலூர் முதுநகரில் பாசஞ்சர் ரயில் ஏறிப் போனேன். ஆய்வு என்று நாங்கள் சொன்னது அங்கே 'ஆடிட்' என்று போய்ச் சேர்ந்திருந்தது. மேசையெல்லாம் துடைத்து, இட்லியும் கத்தரிக்காய் கொத்சும் வாங்கி வைத்து, நாலு பேரும் பரீட்சை எழுதப் போகிறவர்கள் போல விறைப்பாக உட்கார்ந்திருந்தார்கள். "எப்பவும் செய்யற மாதிரி செய்யுங்கம்மா, நான் ஓரமா உக்காந்துக்கறேன்" என்றேன். யாரும் நம்பவில்லை. நான் கொத்சை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்ட பிறகுதான் கொஞ்சம் இளகினார்கள்.

மதியம் நெருங்கும்போது மூத்தவள் 'ச்சு' கொட்டினாள். யாராவது மாலை ரிசப்ஷனை ரத்து செய்தால், மறுநாள் காலை முகூர்த்தமும் சேர்ந்து ரத்தாகிவிடுகிறது. நல்ல வேட்டைதான். இப்போது பதிவாள் என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவள் போனை எடுத்து, கடலூரில் புரோகிராம் எழுதும் யாரையோ கூப்பிட்டாள்.

"தம்பி, சாப்ட்டியா? ஒண்ணுமில்ல... ரிசப்ஷன கேன்சல் பண்ணா முகூர்த்தமும் சேந்து போவுது. கொஞ்சம் பாத்துடேன். யாருகிட்டயும் சொல்லல."

அவள் போனை வைத்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம் கடலூரில் அது சரியாகிவிட்டது. எங்கேயும் ஒரு எழுத்துகூடப் பதிவாகவில்லை.

எனக்கு வந்ததே கோபம். "ஏம்மா, இதுக்குன்னு ஒரு பக்கம் இருக்குதே, அதுல ஏன் போடல?" என்று அவள் கம்ப்யூட்டரிலேயே அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினேன். முதலாளிக்குத் தமிழ்ப் பற்று அதிகம். எல்லாம் தமிழில் இருக்கவேண்டும் என்று செய்யவைத்த பக்கம் அது. நடுவில் சிவப்பாக ஒரு பொத்தான்: 'புகார் செய்'. கீழே முதல் கேள்வி: 'யார் மீது?'

நாலு பேரும் அதைப் பார்த்த பார்வை இருக்கிறதே! ஸ்டேஷன் வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது போல மிரண்டார்கள்.

"தம்பி மேல புகாரா மேடம்?" என்றாள் மூத்தவள். "அத எழுதிக் குடுத்துட்டு ஆயுத பூஜைக்குக் கடலூர் ஆபீசுக்கு வந்து அவுங்க மூஞ்சில எப்படி முழிக்கிறது?"

"அப்ப சேத்தியாத்தோப்பு விவகாரம்?"

"அதையும் போன்ல சொல்லிட்டோம். பாவம், மறந்துட்டாரு. அவருக்கே அந்த வாரம் கல்யா..." என்றவள் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த வாரம் எங்கள் அலுவலகத்தில் யாருக்குக் கல்யாணம் என்பது பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்ட எனக்குத் தெரியாதா? "மேடம், அவரு பேரு வேணாம். புதுசா குடும்பஸ்தர் ஆயிருக்காரு."

"உன் வேலை போவப்போவுதே, தெரியுமா?"

"தெரியும்" என்றாள். குரல் உடைந்துவிட்டது. "புள்ளையத் தூக்கிட்டு நான் மட்டும் எங்க மேடம் போறது?" ஆனாலும் பேர் சொல்ல மாட்டாளாம். நானும் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

எங்கள் பக்கத்தில் குறையை வாயால் சொன்னால் அது உறவு; எழுதிக் கொடுத்தால் அது சண்டை. பக்கத்து வீட்டோடு பேச்சு நின்ற பிறகுதான் பேனாவை எடுப்போம். தமிழில் ஒரு சொல்லைப் போட்டவர்கள், அந்தச் சொல்லைக் கேட்டால் தமிழனுக்கு என்ன தோன்றும் என்று யோசிக்கவில்லை. மறுநாள் அந்தப் புது மாப்பிள்ளையையே கூப்பிட்டு, 'புகார் செய்' என்பதை 'ஒரு வார்த்தை சொல்லு' என்று மாற்றச் சொன்னேன். 'யார் மீது?' என்ற கேள்வியை எடுத்துவிட்டு, 'எந்த இடத்தில்?' என்று போடவைத்தேன். எதற்கு என்று கேட்டான். "சும்மா போடு" என்றேன்.

அடுத்த சில நாளில் சிதம்பரத்திலிருந்து மழையாகக் கொட்டியது. "அக்கா சொல்றேன், இந்தப் பக்கம் ஆடி மாசத்துல நின்னு போவுது" என்றுகூட ஒருத்தி எழுதியிருந்தாள். முதலாளி ஆடிப்போய்விட்டார்.

"என்ன மேடம் இது, நீங்க போயிட்டு வந்ததும் சாஃப்ட்வேரே கெட்டுப்போச்சா?"

எல்லோரையும் உட்காரவைத்து விளக்கினேன். இதெல்லாம் முன்பும் இருந்தவைதான், காதும் காதும் வைத்த மாதிரி முடித்துக்கொண்டிருந்தார்கள் என்றேன். அவர் தலையாட்டினார், ஆனால் விடவில்லை. "சரி, அப்ப சேத்தியாத்தோப்ப மட்டும் ஏன் கோட்டை உட்டாங்க? அதுக்கு பதில் சொல்லுங்க, நான் மூடல."

பேர் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்திருந்தேனே. என் வாயிலிருந்து பேச்சே வராமல் போனதை அந்த அலுவலகம் அன்றுதான் பார்த்தது.

பின்வரிசையில் நாற்காலி நகர்ந்தது. மாப்பிள்ளை எழுந்து நின்றான்.

"அக்கா எங்கிட்ட சொன்னாங்க சார். கல்யாண அவசரத்துல நான்தான் மறந்துட்டேன். அவுங்க மேல தப்பு இல்ல."

முதலாளி மெல்லச் சிரித்தார். "உன் கல்யாணத்துக்கு ஊரான் கல்யாணத்த காவு குடுத்தியா? உக்காருப்பா." என் பக்கம் திரும்பினார். "சிதம்பரம் இருக்கட்டும் மேடம். நீங்களே சொல்லிடுங்க."

வராந்தாவுக்கு வந்து மூத்தவளுக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன். அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டே அந்த அறையைப் பார்த்துக் கத்தினாள்: "ஏய், வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லுங்கடி! நாம எங்கயும் போவல! எங்கயும் போவல!"