நிலா இல்லாத ஆந்தை

ஏதென்ஸ் சந்தையில் நாணயம் சோதிக்கும் திபியோஸுக்கு இரண்டு வருடமாகக் கண் மங்கிக்கொண்டே வந்தது. யாரிடமும் சொல்லவில்லை. அவன் நகரத்துக்குச் சொந்தமான அடிமை. பார்வை போய்விட்டது என்று தெரிந்தால் லவ்ரியோன் வெள்ளிச் சுரங்கத்துக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். பதினெட்டு வயதுவரை அவன் படுத்தபடியே பாறை குடைந்த இடம் அது.

அதனால் கட்டைவிரலால் பார்க்கப் பழகினான். வெள்ளிக் காசின் ஒரு பக்கம் தலைக்கவசம் போட்ட அதீனா தேவி. மறுபக்கம் ஆந்தை, ஒலிவ இலை, சின்னதாக ஒரு பிறை. எல்லாம் விரலுக்கு மனப்பாடம்.

அன்று விலாங்கு மீன் விற்கும் மிர்த்தாலே, வெளியூர் வியாபாரி ஒருவனை இழுத்துக்கொண்டு வந்தாள்.

"அண்ணே, இவரு குடுத்த ஆந்தைக் காசக் கொஞ்சம் பாரு. மூஞ்சியே சரியில்ல."

"யாரு மூஞ்சி? ஆந்தையோடதா, என்னோடதா?" என்றான் வியாபாரி.

திபியோஸின் விரல் தேடியது. பிறை இல்லை. உளியை வைத்து ஓங்கி அடித்தான். உள்ளே செம்பா, வெள்ளியா? வெட்டின் நிறம் கண்ணுக்குத் தெரியவில்லை. எல்லோரும் அவன் வாயையே பார்த்தார்கள். சட்டென்று வெட்டை நக்கினான். செம்பின் கசப்பு இல்லை.

"வெள்ளிதான். பாரசீகப் போருக்கு முன்ன அடிச்சது. அப்பல்லாம் நிலா கிடையாது."

"அநியாயமா வெட்டிட்டியேய்யா!"

"வெட்டுப்பட்ட காசத்தான் யோசிக்காம வாங்குவாங்க, போங்க."

வியாபாரி போனான். மிர்த்தாலே போகவில்லை. குனிந்து, "ஏண்ணே நக்கின? இது எத்தன விரலு, சொல்லு" என்றாள்.

அவனால் சொல்ல முடியவில்லை.

"சரி. நாளைக்கு ஒரு காசு கொண்டாரேன். நல்ல காசுன்னு சொல்லிடு. நானும் வாயத் தொறக்க மாட்டேன்."

மறுநாள் கூட்டத்தோடு கூட்டமாக வந்து நீட்டினாள். கையில் வாங்கியதுமே எடை குறைவு என்று தெரிந்தது. விட்டுவிட்டு மாட்டிக்கொண்டால் ஐம்பது சவுக்கடி, பிறகு சுரங்கம். வெட்டினால் இவள் வாயைத் திறப்பாள், அப்போதும் சுரங்கம். அடித்தான். நக்கினான்.

"செம்பு!" என்று சந்தைக்கே கேட்கும்படி கத்தினான்.

மிர்த்தாலே வாயைத் திறந்தாள். சுற்றியிருந்தவர்கள் அவளையே முறைத்தார்கள். இப்போதுதான் கள்ளக் காசைப் பிடித்தவனைக் குருடன் என்றால் யார் நம்புவார்கள்?

"எவனோ என் தலையில கட்டிட்டான்" என்று முணுமுணுத்துவிட்டுப் போனாள்.

திபியோஸ் அடுத்த ஆளிடம் கையை நீட்டினான்.