குணமண்ணையின் விமானிகள்

காரின் மேல் கிடந்த பனியை வழித்துக்கொண்டிருந்தபோது பத்மாக்காவின் அழைப்பு வந்தது. கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றிவிட்டு எடுத்தேன். "பிள்ளை, இவர் போயிட்டார்" என்றார். "வெளிக்கிட்டு வா. அழுதுகொண்டு கார் ஓடாத, ரோட்டு வழுக்கும்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். புருசன் கண்ணை மூடிய நேரத்தில் என் கார் வழுக்குமே என்று கவலைப்பட்ட மனுசி அவர். பியர்பொன்ட்ஸிலிருந்து சென்ட் லோரன்ட் வரை அழாமல்தான் ஓட்டினேன். அழுகை அவர்கள் வீட்டுப் படியில் ஏறும்போதுதான் வந்தது.

பத்மாக்காவின் புருசன் குணமண்ணையை மொன்றியலில் குணரத்தினம் என்றால் பலருக்குத் தெரியாது. ஜேர்மன் குணம் என்றால்தான் தெரியும். எங்கள் சனத்தில் பாதிப்பேர் ஜேர்மனியில் கொஞ்சக் காலம் அகதியாய்க் கிடந்துவிட்டு இங்கே வந்தவர்கள் என்பதால் அவரும் அப்படித்தான் என்று நினைத்தார்கள். புதிதாக வந்த பெடியன்கள் அவரிடம் போய் அந்த நாட்டு அகதி வழக்குகளைப் பற்றி விசாரித்ததும் உண்டு. அவர் ஒருநாளும் ஜேர்மனியில் கால் வைத்ததில்லை. அவருடைய வரவேற்பறைச் சுவரைப் பார்த்த சிலர்தான் அந்தப் பெயரை வைத்தார்கள்.

அந்தச் சுவர் நிறைய ஜேர்மன் போர்விமானிகளின் படங்கள். இரண்டாம் உலக யுத்தத்தில் சண்டை விமானம் ஓட்டிப் பதக்கம் வாங்கியவர்கள். ஒவ்வொரு படத்திலும் அவரவர் கையெழுத்து. மலர்ச்சாலையில் அவருடைய உடலை வைத்திருந்தபோதே, "மனுசன் நாஜிகளைக் கும்பிட்டவர்" என்று எனக்குப் பின்னால் ஒருவர் சொன்னார். இன்னொருவர் அந்தப் படங்கள் நல்ல விலை போகும் என்றார். இரண்டு பேரையும் திரும்பிப் பார்த்தேன். பெட்டிக்குள் அவர் கிடக்கிறாரே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

நானும் குணமண்ணையும் ஒரே தொழிற்சாலையில் வேலை செய்தோம். விமானம் தரையில் இறங்கும்போது நீளும் கால்களுக்கான பாகங்களைச் சோதித்துப் பார்ப்பது எங்கள் வேலை. இடைவேளைக்கு வெளியே வந்தால் தலைக்கு மேலே விமானங்கள் தாழப் பறந்து விமானநிலையத்துக்குப் போகும். எல்லாரும் வெயில் காய்வோம். அவர் மட்டும் கதவு நிலைக்குக் கீழே நிற்பார். அண்ணாந்து பார்க்க மாட்டார். ஒருமுறை நான் பகிடியாக, விமானத்துக்குப் பயந்த மனுசன் ஏன் இந்த வேலைக்கு வந்தீர்கள் என்று கேட்டேன். "குண்டு போட வந்தவனும் திரும்பிப் போய் இறங்கினவன்தானே. அவன்ர விமானத்தின்ர காலையும் எங்களை மாதிரி ஆரோதான் சோதிச்சிருப்பாங்கள்" என்றார். அதற்குப் பிறகு இந்த விசயத்தில் நான் பகிடி விட்டதில்லை.

ஊரில் சண்டைக் காலத்தில் அரசாங்க விமானம் போட்ட குண்டு அவர்களுடைய வீட்டின் மேல் விழுந்தபோது அவர் கடைக்குப் போயிருந்தார். பத்மாக்கா கிணற்றடியில். உள்ளே இருந்தது கண்ணன், அவர்களின் ஒரே பிள்ளை, அப்போதுதான் தன் பெயரை எழுதப் பழகியவன். வீட்டோடு படங்களும் எரிந்துபோயின. சொந்தக்காரர் எவரிடமும் அவனுடைய படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அவன் செத்த நாளில் பத்மாக்கா படைக்கும்போது விளக்கு இருக்கும், கொழுக்கட்டை இருக்கும், பால் தேநீர் இருக்கும், பின்னால் படம் இருக்காது. அன்றைக்கு மட்டும் சுவரில் உள்ள விமானிகள் எல்லாரையும் அவர் சுவர்ப்பக்கம் திருப்பிவிடுவார். குணமண்ணை தடுத்ததில்லை.

இங்கே மொன்றியல் நகரில் பழைய சாமான் விற்கும் கடை ஒன்றில்தான் முதல் படத்தைக் கண்டாராம். இந்த ஆள் தன் ஊருக்கு மேலே குண்டு போட வந்த விமானங்களை ஏறிப் போய் விழுத்தியவன் என்று கடைக்காரன் சொல்லியிருக்கிறான். அந்த ஒரு சொல்லில் அவர் பிடிபட்டுப்போனார். பிறகு தேடித் தேடி வாங்கினார். உயிரோடு இருந்த கிழவர்களுக்குத் தானே எழுதி, தபாலில் கையெழுத்து வாங்கினார். எனக்கு அந்தப் படங்கள் பிடிக்காது. அதை அவருடைய முகத்துக்கு நேரேயே சொன்னேன். அவங்கள் யாருக்காகப் பறந்தவங்கள் என்று தெரியாதோ என்று கேட்டேன். "தெரியும் பிள்ளை. ஆனா அவங்கட சனத்துக்கு மேல குண்டு போட வரேக்க ஏற ஒருத்தன் இருந்தான். எங்களுக்கு ஆர் ஏறினவை?" என்றார்.

படங்கள் இருபது வயதில் எடுத்தவை. கையெழுத்துகள் எண்பது வயதில் போட்டவை. சிரிக்கும் பெடியனின் நெஞ்சுக்குக் குறுக்கே நடுங்கிய கோடு ஒன்று ஓடும். அவர் அந்தக் கோட்டைத்தான் விரலால் தடவிப் பார்ப்பார். "முகம் இளசு, கையெழுத்து கிழடு. என்ர பிள்ளைக்கு ரெண்டும் இல்லை" என்று ஒருநாள் சொன்னார். தேநீர் கொண்டுவந்த பத்மாக்கா அதைக் கேட்டுவிட்டுத் திரும்பிக் குசினிக்குள் போய்விட்டார்.

மேல்மாடியில் குடியிருந்த மன்னார்க் கத்தோலிக்க ஆச்சி ஒருத்தி முதன்முதலாக வீட்டுக்கு வந்தபோது நடந்ததை இங்கே சொல்லவேண்டும். விமானிகள் பலரின் கழுத்தில் சிலுவைப் பதக்கம் தொங்கும். ஆச்சி அதைப் பார்த்துவிட்டு, ஊரில் இவரைப் படிப்பித்த வெள்ளைக்காரச் சுவாமிமார் என்று நினைத்துவிட்டா. நெற்றியில் சிலுவை போட்டு, அவர்கள் முன்னால் நின்று கண்ணனின் ஆத்துமத்துக்காகச் செபம் சொன்னா. குணமண்ணை திருத்தவில்லை. ஆச்சி போன பிறகு, "மனுசி ஆரின்ர காலில விழுந்தது எண்டு தெரியாமப் போகுது" என்றார். அன்றைக்குத்தான் அவருடைய குரலில் முதன்முதலாக ஒரு கூச்சத்தைக் கேட்டேன்.

பிறகு மிரியம் வந்தார். எங்கள் மேற்பார்வையாளர், யூதப் பெண்மணி. ஒரு பனிப்புயல் நாளில் பஸ் ஓடவில்லை. எங்கள் இருவரையும் தன் காரில் ஏற்றிக்கொண்டு வந்தார். தேநீர் குடித்துவிட்டுப் போங்கள் என்று குணமண்ணை வற்புறுத்தினார். சுவரில் என்ன இருக்கிறது என்பது அந்த நேரம் அவருடைய நினைவில் இல்லை. அத்தனை வருசம் பார்த்துப் பார்த்துப் பழகிய சுவர். மிரியம் மேலங்கியைக் கழற்றாமலே படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஏன் என்று கேட்டார். குணமண்ணை தன் உடைந்த ஆங்கிலத்தில் மகனைப் பற்றிச் சொன்னார். ஏறிப் போய் விழுத்தியவர்கள் என்று சொன்னார்.

மிரியம் கத்தவில்லை. தன் அம்மா சிறுமியாக நாஜிகளின் முகாமில் அடைபட்டிருந்தவர் என்றார். ஒவ்வொரு நாளும் வானத்தைப் பார்த்து, குண்டு போடும் விமானங்கள் வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தாராம். தங்கள் தலையில் விழுந்தாலும் பரவாயில்லை, வந்தால் போதும் என்று. "வரவிடாமல் விழுத்தியவர்கள் இவர்கள்" என்றார். தேநீரைக் குடித்து முடித்தார். உங்கள் மகனுக்காக வருந்துகிறேன் என்று பத்மாக்காவின் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனார்.

அந்தக் கிழமையே குணமண்ணை எல்லாவற்றையும் சுவரிலிருந்து இறக்கினார். நானும் கூட நின்றேன். படங்களைச் சட்டங்களிலிருந்து கழற்றி ஒரு பெட்டியில் அடுக்கினோம். ஒன்றை மட்டும், கடையில் வாங்கிய அந்த முதல் படத்தை மட்டும், சட்டத்தோடு அலுமாரிக்குள் வைத்தார். "நான் பார்த்த வானம் வேற, முகாமில இருந்த அந்தப் பிள்ளை பார்த்த வானம் வேற" என்றார். திருந்திவிட்டார் என்று கதையை முடிக்க எனக்கும் ஆசைதான். ஆனால் கொஞ்ச நேரத்தில் அவரே சொன்னார்: "பிழை எண்டு விளங்குது. எண்டாலும் எங்களுக்கெண்டு ஒருத்தன் ஏறியிருந்தா எண்டு இண்டைக்கும் நினைக்கிறன்." பொய் சொல்லத் தெரியாத மனிதர். அதனால்தான் அவரோடு இருப்பது கஷ்டமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது பெட்டியைப் பற்றித்தான் பேசினார். விற்கக்கூடாது என்றார், வாங்குகிறவன் கும்பிடுவதற்கே வாங்குவான். அப்போ எரித்துவிடட்டுமா என்று கேட்டேன். "எரிச்சா மேலதான் போவாங்கள். மண்ணுக்குள்ள போடு" என்றார். நிலம் இப்போது பாறையாய் உறைந்து கிடக்கிறது, கடப்பாரையும் இறங்காது என்றேன். "சித்திரையில கிண்டு. எனக்கென்ன அவசரம்" என்றார். சிரித்தமாதிரித்தான் இருந்தது.

முப்பத்தோராம் நாள் காரியத்துக்கு நான் முன்னதாகவே போனேன். குணமண்ணையின் படத்துக்கு மாலை போட்டு, சுவரில் நடு ஆணிக்குப் பக்கத்து ஆணியில் கொழுவியிருந்தார்கள். பத்மாக்கா அலுமாரியிலிருந்து அந்தச் சட்டத்தை எடுத்து, விமானியின் படத்தைக் கழற்றி என் கையில் தந்தார். வெறும் சட்டத்தின் கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைத்து, அதை நடு ஆணியில் கொழுவினார். அதற்கும் ஒரு சின்ன மாலை கட்டி வைத்திருந்தார். பூசைக்கு வந்த ஐயர், படம் வைக்க மறந்துவிட்டீர்களோ என்று கேட்டார். "மறக்கேல்லை ஐயா. அது எங்கட மகன்" என்றார் பத்மாக்கா. ஐயர் இரண்டுக்கும் தீபம் காட்டினார்.

பெட்டி இப்போது என் வீட்டு நிலவறையில் இருக்கிறது. அந்தக் கடைசி விமானியையும் மற்றவர்களுக்கு மேலே வைத்து மூடிவிட்டேன். நிலம் இளகியதும் கொல்லையில் ஆழமாகக் கிண்டி, சொன்னபடி புதைப்பேன். எங்களுக்கு ஆர் ஏறினவை என்று அவர் கேட்ட கேள்வி மட்டும் என்னிடம் இருக்கும். அதை எங்கே புதைப்பது என்று அவர் சொல்லவில்லை.